நிழற்குடையோடு நின்ற காற்று

குல்யாரிக்கு வரவேண்டிய தென்காற்று ஊருக்குள் நுழைவதை நிறுத்திப் பல கோடைகள் ஆகிவிட்டன. வராமல் இல்லை, வருகிறது. கடலில் கிளம்பி, உப்பு ஏரிகளையும் கோதுமை வயல்களையும் தாண்டி, மூன்று மணி நேரம்போல ஓடி, ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் இருக்கும் பஸ் நிழற்குடை வரை ஒழுங்காக வந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. நிழற்குடைக்கு அந்தப் பக்கம் நின்றால் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். இந்தப் பக்கம் நின்றால் சட்டையைக் கழற்றிப் பிழியலாம். இதை முதலில் கண்டுபிடித்தவை க்ளெம் லின்ட்னரின் செம்மறிகள். ஜனவரிதான் அந்த ஊரில் உச்சக் கோடை. அப்படி ஒரு ஜனவரி மாலையில் மந்தை முழுவதும் அவருடைய வயலின் தெற்கு மூலையில், பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் ஒரே நேர்கோட்டுக்குப் பின்னால் நின்றது. கோட்டுக்கு வெளியே ஒரு வால்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கவுன்சில்காரர்கள் வந்து பார்த்து, ஆடுகள் நின்ற இடத்தையே அளவாக வைத்து, தார்ச்சாலைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டார்கள். கோட்டுக்குத் தெற்கே வண்டி நிறுத்த இரண்டு மணி நேரம்தான் அனுமதி என்று ஒரு பலகையும் நட்டார்கள். அந்தப் பக்கத்துப் புதர்க்காடு, அதுவரை முயல்கள்கூட யோசித்துக் குடியேறிய நிலம், அந்த வருடமே மூன்று மடங்கு விலைக்குப் போனது.

குல்யாரியில் கோடையைக் கழிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. விடிந்ததும் கதவு, ஜன்னல், திரை எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். ராத்திரியின் மிச்சக் குளிர்ச்சியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பகல் முழுக்க இருட்டில், கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஏர்கூலர் அனுப்புகிற ஈரக் காற்றில், கழுத்தில் நனைத்த துண்டோடு, யாரிடமும் சண்டைக்குப் போகாமல் இருக்க வேண்டும். வெளியே நாற்பத்தைந்து டிகிரியில் வெள்ளைக் கொண்டைக்கிளிகள் மின்கம்பியில் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். நாலைந்து நாள் இப்படி அடித்தபின் தெற்கேயிருந்து காற்று மாறும். கடற்கரை ஊர்களில் இருக்கும் சொந்தக்காரர்கள் உள்நாட்டுக்குப் போன் போடுவார்கள். "எங்களுக்கு வந்துடுச்சு" என்பார்கள். அவ்வளவுதான். சௌக்கியமா, பிள்ளைகள் எப்படி என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது, வைத்துவிடுவார்கள். அந்தப் போன் எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டுக்காரர் தெருவில் இறங்கிக் கதவு கதவாகத் தட்டிச் சொல்ல வேண்டும். முதல் காற்று முகத்தில் பட்டதும் ஊரே அடைத்ததையெல்லாம் திறக்கும். மேலே தூக்கித் திறக்கிற அந்த ஊர் ஜன்னல்கள் ஏறும் சத்தம் தெற்குத் தெருவில் தொடங்கி வடக்குத் தெரு வரை ஓடும். பாட்டுகளில் அசைந்து வருகிற தென்றல் இல்லை இது. காலண்டரைக் கிழித்து, படுக்கை விரிப்பைச் சுருட்டி, நாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டு வரும். ஆனாலும் அது வந்த இரவில் குல்யாரியில் எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிடுவார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல் பழையபடி ஆரம்பிக்கும்.

காற்று நிழற்குடையில் நிற்கத் தொடங்கியபின் ஊர்தான் காற்றைத் தேடிப் போனது. மடக்கு நாற்காலி, ஐஸ்பெட்டி, பிள்ளைகள், பிள்ளைகளின் பூனைகள் சகிதம் கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். பப் நடத்தும் பெவர்லி, ஊருக்கே பெவ்வக்கா, ஒரு இழுவை வண்டியில் பீர் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். வெயில் ஏன் இப்படி அடிக்கிறது என்று விவாதிப்பதற்கு அவள் ஒரு விதி வைத்திருந்தாள்: நாற்பது டிகிரிக்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ஒரு பிப்ரவரியில் அந்தப் பேச்சில் இரண்டு ஸ்டூல்களும் ஒருவருடைய முன்பல்லும் போயிருந்தன. ஆகவே குல்யாரிக்காரர்கள் வெயிலின் காரணங்களைக் குளிரில் உட்கார்ந்துதான் ஆராய்ந்தார்கள். க்ளெம் லின்ட்னர், தெற்குக் குன்றில் நட்டிருக்கும் காற்றாலைகள்தான் காற்றைத் தின்றுவிடுகின்றன என்றார். மீதியைத்தான் நமக்கு விடுகின்றனவாம், அது நிழற்குடை வரைக்கும்தான் வருகிறதாம். பெவ்வக்காவுக்கு வானிலைக்காரர்கள் மேல் சந்தேகம். தெர்மாமீட்டரை எங்கோ தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்மைப் பயமுறுத்துகிறார்கள் என்பாள். இதைச் சொல்லும்போது அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டினால் துடைத்துக்கொள்வாள். தாத்தா காலத்திலும் இப்படித்தான் அடித்தது என்று ஒரு கட்சி இருந்தது. தாத்தாக்கள் செத்துப்போயிருந்ததால் அந்தக் கட்சியை மறுக்க ஆள் இல்லை. லூத்தரன் சபைப் போதகர் மட்டும் கடவுளை இதில் இழுக்கவில்லை. தேவாலயத்துக்கு ஏர்கூலர் வாங்க நன்கொடை திரட்டிக்கொண்டிருந்தார், ஆண்டவரை அந்த நேரத்தில் கோபித்துக்கொள்ள முடியாது.

பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சர் ஹெலன் வாகோ ஒருவர்தான் சரியான காரணத்தைச் சொன்னார். அதனாலேயே அவர் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருந்தது.

"டீச்சர், உங்க கணக்குல காத்து நிக்கிறதுக்கு இடம் இருக்கா?" என்று க்ளெம் ஒருநாள் வம்புக்கு இழுத்தார்.

"வெயில் ஏன் கூடுதுன்னு கேட்டீங்க, சொல்லிட்டேன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு. எத்தனையோ தடவ சொல்லியாச்சு. காத்து ஏன் ஒரு கோட்டுல நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத தெரியாதுன்னு சொல்லத்தான் எனக்குச் சம்பளம்."

"எனக்கும் நெறைய தெரியாது, யாரு சம்பளம் குடுக்கிறா?" என்றார் க்ளெம். பெவ்வக்கா அவருக்கு ஒரு பீர் கொடுத்து, அதைச் சம்பளமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

தலைநகரத்திலிருந்து ஒரு மந்திரிகூட வந்து பார்த்தார். கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மிகவும் சுகமான வெப்பநிலைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நிழற்குடைதான் வழியை மறிக்கிறது என்று கவுன்சில் தீர்மானம் போட்டு, கிரேன் கொண்டுவந்து அதைப் பெயர்த்து எடுத்தது. காற்று, நிழற்குடை இருந்த இடத்திலேயே நின்றது. மழைக்கு ஒதுங்க இடமில்லை என்று பஸ்காரர்கள் சண்டை போட்டதால் மறுபடியும் கொண்டுவந்து நட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் எந்தக் கட்சியிலும் சேராமல், கோட்டுக்கு மிகத் தெற்கே, தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் மெர்வ் ட்ரெலோர். ஊரில் அத்தனை கூரை ஏர்கூலர்களும் அவன் கையால் ஓடுபவை. மோட்டாரைக் கழற்றுவான், நார்த்தட்டி மாற்றுவான், கூரையில் செத்துக்கிடக்கும் பல்லிகளுக்கு அடக்கம் செய்துவைப்பான். வேலை நேரத்தில் நன்றாகப் பேசுகிறவன். ஆனால் ரேடியோவில் காற்று மாறப்போகிறது என்று சொன்ன நிமிஷம் யார் வீட்டுக் கூரையில் இருந்தாலும் இறங்கி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழற்குடைக்குக் கிளம்பிவிடுவான். மற்றவர்கள் வருவதற்கு வெகு நேரம் முன்பே போய், தெற்கே முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பான். காற்று வந்ததும் குடிப்பான். அப்படித்தான் பெவ்வக்கா சொன்னாள். "டேய் மெர்வ், மூக்காலயே எவ்ளோடா குடிப்ப? வாய்க்கும் ஒரு கிளாஸ் வாங்கிக்க."

அவன் குடித்தது அவனை விட்டுப் போன மனைவி கோராலியை. காற்று கடலைத் தாண்டிக் கரையில் கால் வைக்கும் சிற்றூரில் அவள் தன் அக்கா எல்மாவின் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டுக் கொல்லையில் உலரும் துணிகளுக்குள் நுழைந்து, சமையல்கட்டு ஜன்னலை உரசிக்கொண்டு வரும் காற்று இது. முதலில் உப்பும் கடற்பாசியும் வரும். அது தணிந்தபின், நூலிழைபோல, அவள் சோப்பு வரும். வெங்காயத்தை வெண்ணெயில் பொன்னிறத்துக்கு விட்டுக் கொஞ்சம் அதிகமாகவே வதக்கும் அவள் பழக்கம் வரும். இப்படியே அவன் அவளோடு வாழ்ந்தான். மூன்றாவது கோடையில் அவள் சோப்பை மாற்றினாள், அவனுக்குப் புதிய சோப்பு பிடிக்கவில்லை, ஆனால் கருத்துச் சொல்லும் இடத்தில் அவன் இல்லை. நாலாவதில் ஒரு நாய் வந்தது, மழையில் நனைந்த நாய். ஒரு ஜனவரி முழுக்கக் காற்றில் யாரோ பைப்பில் பிடிக்கும் புகையிலை வாசம் வந்தது. அந்த மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வீட்டு ஏர்கூலர்களைத் தலைகீழாக மாட்டினான். பிப்ரவரியில் புகையிலையும், கூடவே வந்துகொண்டிருந்த புதுத் தகரம், அறுத்த மர வாசமும் ஒன்றாக நின்றுபோயின. கூரை போட வந்த ஆள் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்று மெர்வ் கண்டுகொண்டான். அன்று பெவ்வக்கா ஆச்சரியப்படும்படி எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான்.

அவள் போனதற்குக் காரணம் ஜன்னல். அப்போதெல்லாம் குல்யாரிக்குக் காற்றுச் செய்தி முதலில் எல்மாவிடமிருந்துதான் வரும். எல்மா கோராலிக்குச் சொல்வாள், கோராலி தெருவில் இறங்கி ஊருக்குச் சொல்வாள். அவள் போன கோடையின் தொடக்கத்தில் மெர்வ் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் வெள்ளை பெயின்ட் அடித்தான். வெயில் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களை மூடி வைத்துக்கொண்டே அடித்தான். நாற்பத்துமூன்று டிகிரியில் பெயின்ட் வெந்து இறுகி, சட்டமும் நிலையும் ஒன்றாகிவிட்டன. ஒரு ஜன்னலும் அசையவில்லை. காற்று வருவதற்குள் கத்தியால் கீறி எடுத்துவிடுகிறேன் என்றான். காற்று வரும் நாளன்று பப்பின் ஏர்கூலர் நின்றுபோனது. அதைச் சரிசெய்யப் போனான், செய்தான், அங்கேயே ஒரு பீர் குடித்தான், அப்போது காற்று வந்தது, பப்பே ஆரவாரம் செய்தது, இன்னொன்று குடித்தான். கோராலி தெரு முழுக்கக் கதவைத் தட்டிச் செய்தி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒட்டிப்போன ஜன்னல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுத் திரைச்சீலைகள் பறப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

"ஊரு பூரா காத்து மெர்வ். நம்ம வீட்டத் தவிர" என்றாள் அவன் வந்ததும்.

"நாளைக்கு வெட்டி விட்டுர்றேன்" என்றான் அவன்.

மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள். நிழற்குடை வரை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பஸ் வரும்வரை இருவரும் ஏர்கூலர்களைப் பற்றிப் பேசினார்கள். அவள் போனபின் ஜன்னலை வெட்டுவது அவனுக்கு ஏதோ திருட்டுத்தனம்போல் பட்டது. வெட்டவில்லை. ஊரும் இந்த விஷயத்தை மறந்தது. செய்தி சொல்ல வீடு வீடாக நடக்கும் ஆள் இல்லாமல் போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை, அதற்குள் எல்லோர் கைப்பேசியிலும் காற்று வரும் நேரம் படம் போட்டு வரத் தொடங்கியிருந்தது. அதே கோடையில்தான் ஆடுகள் வரிசையில் நின்றன. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, காரணங்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன.

சரியாகச் சொன்னால் மெர்வுக்கு ஒருமுறை தோன்றியது. தோன்றியதும் அதை மறைத்துக்கொண்டான். காற்று ஊருக்குள் வந்துவிட்டால் அவனுக்கென்று ஓர் இடம் இருக்காது. நாற்பது தெருக்களிலும் அடுப்படிகளிலும் அது கரைந்துபோகும். நிழற்குடையில் நின்றால்தான் அது முழுசாக, கலக்காமல், அவள் வீட்டிலிருந்து நேராக அவன் முகத்துக்கு வரும். ஊர் வேகட்டும் என்று அவன் நினைத்ததில்லை. ஆனால் வேகிற ஊரில் கூலர் மாட்டிக்கொண்டிருந்தபோது, காற்று வராமலிருப்பதற்காக ரகசியமாகக் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

பிறகு ஒரு பிப்ரவரியில் வெயில் நாற்பத்தேழைத் தொட்டு, இறங்க மறந்துவிட்டது. தார்ச்சாலை இளகி, ஆம்புலன்ஸின் டயர் அதில் பதிந்து, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. அந்த வாரத்தின் நடுவே மின்சாரம் போனது, அதோடு கைப்பேசிக் கோபுரமும் படுத்தது. ஊரிலிருந்த கூலர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சை விட்டன. ஊரே நிழற்குடைக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்தது, ஆனால் அந்த நாட்களில் அந்தப் பக்கமும் காற்றில்லை. கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே கொதிப்பு. செய்தி கேட்க வழியில்லாததால் காற்று எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் க்ளெமின் மனைவி ஹில்டா ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். நெஞ்சு பலவீனம், அவளை எங்கும் நகர்த்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். டீசல் ஜெனரேட்டர் ஒன்று அவள் அறையின் கூலரை ஓட்டிக்கொண்டிருந்தது. மெர்வ் இரண்டு நாளாக அதன் பக்கத்திலேயே கிடந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் அதன் பெல்ட் அறுந்தது. காற்றாலை, மந்திரி, மந்திரியின் தாத்தா என்று யாரையும் விடாமல் எல்லோரையும் ஏசுகிற க்ளெம், அன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெர்வ், மாப்ள. அவளுக்கு மட்டும் கொஞ்சம் காத்து குடுத்துரு" என்றார்.

வீட்டில் பழைய பெல்ட் ஒன்று இருந்தது. மெர்வ் ஓடினான். வீட்டுக்குள் நுழைந்தபோது, சமையல்கட்டுச் சுவரில் பழைய கம்பிப் போன் அடித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது அடிக்கும். அது அடித்து அவன் கேட்டது பல வருடங்களுக்கு முன்பு. எடுத்தான். மறுமுனையில் ஒருவர் திடுக்கிட்டு மூச்சை இழுத்தது கேட்டது.

"யாரு?" என்றாள் கோராலி.

"நான்தான்."

"நீ வீட்டுலயா இருக்க?"

"பெல்ட் எடுக்க வந்தேன்."

"ஒவ்வொரு தடவையும் அடிக்கிறேன் மெர்வ்" என்றாள். "காத்து இங்க தாண்டுற ஒவ்வொரு தடவையும். ஒருத்தரும் எடுக்கல. நீ வேணும்னே எடுக்கலன்னு நெனச்சேன். அப்புறமும் அடிச்சேன். பழக்கம்."

காற்று அவள் வீட்டைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் அவன் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு, நாற்காலியோடு, அவளை முகர்வதற்காக ரோட்டோரம் போய் உட்கார்ந்திருந்தான். "நான் நிழற்குடையில இருந்தேன்" என்றான்.

"அங்க என்ன வேல?"

"சும்மா. காத்து வாங்க."

"ஜன்னல வெட்டுனியா?"

"இல்ல."

"நாளைக்குன்னு சொன்ன."

"ஆமா. நாளைக்குத்தான்."

அவள் சிரித்துவிட்டாள். வாசனையில் சிரிப்பு வருவதில்லை. அத்தனை கோடைகளில் அவனுக்குக் கிடைக்காதது அதுதான். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, பழைய முறைப்படி, "எங்களுக்கு வந்துடுச்சு. போய்ச் சொல்லு" என்றாள். வைத்துவிட்டாள்.

மெர்வ் வந்த வேலையை மறந்தான், பெல்ட்டை எடுக்கவில்லை. கூரான பட்டைக் கத்தியை எடுத்தான். ஏழு ஜன்னல்களின் பெயின்ட்டையும் சுற்றிக் கீறி, தோளால் இடித்துத் திறந்தான். ஒரு கண்ணாடி உடைந்தது. நாற்பத்தேழு டிகிரி அனல் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்தது. பிறகு தெருவில் இறங்கினான். கோராலி தட்டிய அதே வரிசையில் கதவுகளைத் தட்டினான். "வந்துகிட்டிருக்கு, திறந்து வைங்க" என்றான். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று முதல் மூன்று வீட்டிலும் நினைத்தார்கள். "உள்ள வந்து உட்காரு, தலைக்குத் தண்ணி ஊத்துறேன்" என்றாள் பெவ்வக்கா. அடைத்த வீட்டை வெயில் நேரத்தில் திறப்பதைப்போல ஒரு பாவம் குல்யாரியில் கிடையாது. ஹெலன் டீச்சர் மட்டும் அவனை நிறுத்தி, யார் சொன்னது என்று கேட்டார். சொன்னான். பிறகு அடுத்த தெருவின் கதவுகளைத் தட்ட அவர் போனார். விளக்கம் கேட்டவர்களிடம், தனக்குத் தெரியாது, ஆனால் திறந்துவிடுங்கள் என்றார். தெரியாது என்று சொல்லியே பழகிய ஆள் என்பதால் நம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில்தான் கஷ்டம். ஹில்டாவின் அறை ஜன்னலைத் திறந்தால், காற்று வராத பட்சத்தில், மிஞ்சியிருக்கும் கொஞ்சக் குளிர்ச்சியும் போய் அரைமணி நேரத்தில் அவளும் போய்விடுவாள் என்று நர்ஸ் வழியை மறித்து நின்றாள். பெல்ட் எங்கே என்று கேட்டாள். "எடுக்கல. வீட்டுக்குப் போன் வந்துச்சு, காத்து வருதாம்" என்றான் மெர்வ் க்ளெமிடம்.

"போன் பண்ணது கோராலியா?" என்றார் க்ளெம்.

"ஆமா."

"அவ தப்பாச் சொன்னது கெடையாது." க்ளெம் தொப்பியைத் தலையில் வைத்தார். நர்ஸைக் கடந்து போய், தானே ஜன்னலைத் தூக்கினார். அனல் உள்ளே வந்தது. ஹில்டாவின் உதடு காய்ந்து நீலம் பாய்ந்தது. க்ளெம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு யாரையும் திட்டாமல், கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். மெர்வ் ஜன்னலருகே நின்றான். வரக்கூடாது என்று இத்தனை நாள் ரகசியமாக நினைத்தவன், வா, வா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் நிழற்குடையருகே இருந்தவர்கள் பிறகு சொன்னது இது. தெற்கே தூசி எழுந்தது. வழக்கம்போல் கோடு வரை வந்தது, வந்து நின்றது. கதவருகே செருப்பைக் கழற்றுகிறவர்போல ஒரு கணம்தான் நின்றது. பிறகு கோட்டைத் தாண்டியது. ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காற்றோடு கூடவே ஊரை நோக்கி நடந்தன. தெற்குத் தெருவில் திரைகள் எழுந்தன, பப்பின் பெயர்ப்பலகை கழன்று போதகரின் தோட்டத்தில் விழுந்தது, ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே வந்த காற்று ஹில்டாவின் போர்வையை உருவிக்கொண்டு போனது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"யாரோ வெங்காயம் வதக்குறாங்க" என்றாள். "தீயப்போகுது. யாராவது சொல்லுங்க அவகிட்ட."

மெர்வ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தென்காற்று வந்துவிட்டதால் வெயில் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வருடம் நாற்பத்தெட்டு அடித்தது. காரணம் ஹெலன் டீச்சர் சொன்னதுதான், அவர் பக்கத்து நாற்காலியில் இப்போதெல்லாம் க்ளெம் உட்கார்கிறார், ஒத்துக்கொள்வதற்காக அல்ல, அருகிலிருந்து மறுப்பதற்காக. நிழற்குடைக்குத் தெற்கே நிலம் வாங்கியவர்கள் கவுன்சில்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். மற்றபடி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அனல் நாலைந்து நாள் நீடித்தால் மெர்வ் எந்தக் கூரையிலும் ஏறுவதில்லை. போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அது அடித்ததும் எடுப்பான். "எங்களுக்கு வந்துடுச்சு" என்பாள். "சரி" என்பான். வேறெதுவும் பேசுவதில்லை, அது முறையில்லை. பிறகு தெருவில் இறங்கிக் கதவுகளைத் தட்டுவான். காற்று வந்து, அவன் பயந்தபடியே, நாற்பது தெருக்களிலும் பிரிந்து போகும். அவன் வீட்டுக்கு வரும்போது அதில் அவள் பங்கு மெலிந்திருக்கும், சில நாள் இருக்கவே இருக்காது. பெவ்வக்காவோ வேறு யாரோ வேலி வழியே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு மீன் வறுத்திருக்கா உன் ஆளு" என்றோ, "சோப்ப மறுபடியும் மாத்திட்டா போலிருக்கே" என்றோ சொல்வார்கள். அவன் தலையாட்டுவான். நல்ல சோப்பா, பழைய சோப்பா என்று ஒருமுறை கேட்டான்.

இந்த ஜூலையில், வயலெல்லாம் உறைபனி வெளுத்துக்கிடந்த ஒரு காலையில், காற்றென்று சொல்ல ஒரு மூச்சும் இல்லாத நாளில், மெர்வ் வீட்டுப் போன் அடித்தது. குளிர்காலத்தில் அந்தப் போனுக்கு வேலை கிடையாது. எடுத்தான். "வந்துடுச்சு" என்றாள் கோராலி. எங்களுக்கு என்று சொல்லவில்லை. "சரி" என்றான் அவன்.

கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏழு ஜன்னல்களையும் திறந்தான். தெருவில் இறங்கி, வரிசை மாறாமல், கதவுகளைத் தட்டினான். என்ன வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. பெவ்வக்கா கணப்பில் எரிந்த விறகைத் தள்ளிவிட்டு ஜன்னல்களைத் தூக்கினாள். ஹில்டா இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு க்ளெமைத் திறக்கச் சொன்னாள், அவர் விறகு விலையைச் சொல்லிக்கொண்டே திறந்தார். ஹெலன் டீச்சர் வகுப்பறையைத் திறந்துவிட்டு, பிள்ளைகளைத் தொப்பியோடு உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். மத்தியானம் வரை எதுவும் வரவில்லை, கடற்கரையிலிருந்து வரும் பஸ் சாயங்காலம்தான் நிழற்குடையில் நிற்கும். அதற்குப் பிறகும் குல்யாரியில் ஒருவரும் ஒரு ஜன்னலையும் மூடவில்லை.